காற்றில் கரைந்த காடு

காட்டுத்தீயின் கொடுமையை அளப்பதற்கு எரிந்த நிலத்தின் பரப்பு, அழிந்த வீடுகளின் எண்ணிக்கை, தீயில் சிக்கி மாண்டோரின் எண்ணிக்கை ஆகிய மூன்றும்தான் நெடுங்காலமாக அளவுகோல்களாக இருந்து வருகின்றன. 2019-ஆம் ஆண்டின் பிற்பாதியில் தொடங்கி 2020-இன் தொடக்க மாதங்கள் வரை ஆஸ்திரேலியாவின் கிழக்கையும் தெற்கையும் வாட்டி வதைத்த தீப்பருவத்தை அந்நாட்டு மக்கள் ‘கறுப்புக் கோடை’ என்று அழைக்கிறார்கள். அதைப் பற்றி விசாரிக்க அமைக்கப்பட்ட அரச ஆணையம் 2020 அக்டோபரில் அளித்த அறிக்கையின்படி, அப்பருவத்தில் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேர் நிலம் எரிந்தது. 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தீயணைப்பு வீரர்கள் ஒன்பது பேர் உட்பட 33 பேர் இறந்தனர். இந்த மூன்றாவது எண்ணைப் பத்தாண்டுகளுக்கு முந்தைய மற்றொரு எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தைத் தாக்கிய ‘கறுப்புச் சனி’ தீயில் எரிந்த நிலம் இதில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் இறந்தோர் 173 பேர். அந்தப் பேரிழப்புக்குப் பிறகு முன்னெச்சரிக்கை முறைகள் திருத்தப்பட்டன, ‘வீட்டைக் காக்க நின்று போராடு’ என்ற பழைய அறிவுரை தளர்த்தப்பட்டது, உரிய நேரத்தில் ஊரைக் காலி செய்யும் வழக்கம் வலுப்பட்டது. சுடரின் பாதையிலிருந்து மனிதரை விலக்கும் கலையை அச்சமூகம் பெருமளவு கற்றுக்கொண்டிருந்தது.

புகையிலிருந்து மனிதரை விலக்கும் கலையை அது கற்றிருக்கவில்லை. 2019 அக்டோபர் 1 முதல் 2020 பிப்ரவரி 10 வரை நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து, விக்டோரியா, தலைநகர்ப் பகுதி ஆகிய இடங்களில் பதிவான காற்று மாசின் அளவைக் கொண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, புகையால் மட்டும் 417 பேர் கூடுதலாக இறந்திருக்க வேண்டும் என்றும், மூச்சுக் கோளாறுகளுக்காக 2,000-க்கும் மேற்பட்டோரும் இதய, இரத்தக்குழாய்க் கோளாறுகளுக்காக 1,100-க்கும் மேற்பட்டோரும் கூடுதலாக மருத்துவமனைகளில் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் தெரியவந்தது. இந்த 417 பேரில் யாருடைய இறப்புச் சான்றிதழிலும் ‘புகை’ என்ற சொல் இருந்திருக்க வாய்ப்பில்லை. மாரடைப்பு, பக்கவாதம், மூச்சுத்திணறல் என்ற வழக்கமான காரணங்களின் கீழ் அவர்கள் பதிவாகியிருப்பார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தீயைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருப்பார்கள். தீயால் நேரடியாக இறந்தவர்களைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேற்பட்டோரைப் புகை கொண்டுபோன ஒரு பருவத்தைத் தீயின் கதையாக மட்டும் எழுதுவது, இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

அத்தனை புகை எழுவதற்கு அத்தனை காடு உலர்ந்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவில் முறையான பதிவுகள் தொடங்கிய பின் மிக வெப்பமானதும் மிக வறண்டதுமான ஆண்டாகும். நாடு முழுமைக்குமான சராசரி வெப்பநிலை 1961 முதல் 1990 வரையிலான சராசரியைவிட 1.52 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவும், மழை சராசரியைவிட 40 சதவீதம் குறைவாகவும் இருந்தன. டிசம்பர் 18 அன்று நாடு முழுவதற்குமான அதிகபட்ச வெப்பநிலையின் சராசரியே 41.9 டிகிரியை எட்டியது. இவ்வறட்சியின் வேர்களில் ஒன்று நம் இந்தியப் பெருங்கடலில் இருந்தது. அக்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிட வெப்பமாகவும், இந்தோனேசியாவை ஒட்டிய கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாகவும் மாறும் நிலைக்கு நேர்மறை இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று பெயர், 1999-இல் என். எச். சாஜி, தோஷியோ யமகாட்டா முதலிய ஆய்வாளர்கள் இதை விரிவாக விளக்கினர். கடல் வெப்பமான பக்கத்தில் மேகமும் மழையும் திரளும், குளிர்ந்த பக்கத்தில் அவை வற்றும் என்பதால், மிக வலுவான இருமுனை நிலவிய 2019-இல் கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் மிதந்தபோது ஆஸ்திரேலியா காய்ந்து கிடந்தது. போதாக்குறைக்கு, அவ்வாண்டு செப்டம்பரில் அண்டார்க்டிகாவுக்கு மேலே, வானில் மிக உயரத்தில், காற்று அரிதான வகையில் திடீரென வெப்பமடைந்ததன் விளைவாகத் தென்கோளத்தின் மேலைக்காற்றுப் பட்டை வடக்கே நகர்ந்து, கண்டத்தின் உட்பகுதியிலிருந்து வறண்ட வெங்காற்றைக் கிழக்குக் கரைக் காடுகளின் மீது வாரங்கணக்கில் வீசச் செய்தது. இவையெல்லாம் இயற்கையின் வழக்கமான ஏற்ற இறக்கங்கள்தாம் என்றாலும், புவி வெப்பமடைதலால் ஏற்கெனவே உயர்ந்துவிட்ட தளத்தின் மேல் அவை வந்து அமர்ந்தன.

எரிந்தவற்றில் பெரும்பகுதி யூகலிப்டஸ் காடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் நடப்பட்டுத் தமிழில் தைல மரம் என்று பெயர்பெற்ற மரத்தின் தாய்நிலம் ஆஸ்திரேலியாவே. மருந்தாகும் அதே தைலம், வெயிலில் எளிதில் ஆவியாகித் தீப்பற்றக்கூடியது. இவ்வினத்தின் பல மரங்கள் நீண்ட நாடாக்களாகப் பட்டையை உரிக்கின்றன. தீ அடிமரத்தைத் தொட்டதும் இந்நாடாக்கள் ஏணிபோல் சுடரை உச்சிக்கு ஏற்றிவிடுவதோடு, கனன்றுகொண்டே பறந்து சென்று, தீமுகப்புக்குப் பல கிலோமீட்டர் முன்னால், சில வேளைகளில் 20, 30 கிலோமீட்டருக்கும் அப்பால், புதிய தீயை மூட்டிவிடுகின்றன. சாலைகளும் ஆறுகளும் தீக்குத் தடையாக நிற்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். சிட்னிக்கு வடமேற்கே வொலமை தேசியப் பூங்காவில் 2019 அக்டோபர் இறுதியில் விழுந்த ஒரு மின்னலிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் கோஸ்பர்ஸ் மலைத் தீ, ஐந்து லட்சம் ஹெக்டேருக்கும் மேலாக விரிந்தது. வழக்கமாக ஈரம் சொட்டும் மழைக்காட்டுப் பள்ளங்களே இத்தகைய தீக்கு அணை கட்டும். அவ்வாண்டு அப்பள்ளங்களும் எரிந்தன. ஆஸ்திரேலியாவின் மிதவெப்ப அகன்ற இலைக் காடுகளில் ஓராண்டில் எரியும் பங்கு பொதுவாக 2 சதவீதத்துக்கும் கீழே இருக்கும்; அந்த ஒரே பருவத்தில் 21 சதவீதம் எரிந்துபோயிற்று. அதே பூங்காவின் மறைவான பள்ளத்தாக்கு ஒன்றில் 1994-இல்தான் கண்டறியப்பட்ட, நூற்றுக்கும் குறைவான முதிர்ந்த மரங்களே எஞ்சியுள்ள வொலமை பைன் என்னும் தொன்மையான மரக்கூட்டத்தை, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கிய வீரர்கள் நீர்க்குழாய் அமைத்து ஈரப்படுத்திக் காத்தது, அப்பருவத்தின் அரிதான நற்செய்திகளில் ஒன்று.

இனி, புகை என்பது என்ன என்று பார்க்க வேண்டும். விறகு முழுமையாக எரிந்தால் எஞ்சுபவை கரியமில வாயுவும் நீராவியும் சிறிது சாம்பலுமே. காட்டில் அவ்வாறு நிகழ்வதில்லை. பச்சை மரத்தையும் ஈர விறகையும் அடுப்பில் வைத்தவர்கள் அறிந்தபடி, சுடர் கொழுந்துவிடும்போது எழும் புகையைவிட, சுடரின்றிக் கனன்றுகொண்டிருக்கும்போது எழும் புகையே அதிகம். தீமுகப்பு ஓரிடத்தை நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஆனால் அது விட்டுச்செல்லும் அடிமரங்களும் வேர்களும் வீழ்ந்த கட்டைகளும் வாரக்கணக்கில் கனல்கின்றன. போதிய ஆக்சிஜன் கிட்டாத அவ்வெப்பத்தில் மரத்தின் செல்லுலோசும் லிக்னினும் சிதைந்து, கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் முதலிய நச்சு வாயுக்களாகவும், தார் போன்ற கரிமத் திவலைகளாகவும், கரித்துகள்களாகவும் வெளியேறுகின்றன. வெப்பமாக எழும் ஆவி, மேலே குளிரும்போது துகள்களின் மேல் படிந்து உறைகிறது. இவ்வாறு உருவாகும் துகள்களில் பெரும்பாலானவற்றின் விட்டம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மனிதத் தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் அனைத்தையும் பி.எம். 2.5 என்ற ஒரே பெயரில் சேர்த்து, ஒரு கன மீட்டர் காற்றில் அவற்றின் எடை எத்தனை மைக்ரோகிராம் என்று அளக்கிறார்கள்.

இத்துகள்களின் அளவு ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கியது என்பதால் அவை ஒளியோடு வினோதமாக நடந்துகொள்கின்றன. நீல ஒளியை வலுவாகச் சிதறடித்தும் உறிஞ்சியும் தடுத்துவிட்டு, சிவப்பை ஓரளவு கடந்துபோக விடுகின்றன. 2019 டிசம்பர் 31 காலையில் விக்டோரியாவின் மல்லக்கூட்டா என்ற கடற்கரைச் சிற்றூரில், ஒரே சாலையும் அடைபட்டுப்போன நிலையில், உள்ளூராரும் சுற்றுலாப் பயணிகளுமாக ஏறத்தாழ 4,000 பேர் கரையில் கூடியிருந்தபோது, விடிந்திருக்க வேண்டிய வானம் முதலில் நள்ளிரவாகக் கறுத்து, பிறகு தீ நெருங்க நெருங்க இரத்தச் சிவப்பாக மாறியதற்கு இந்த ஒளியியலே காரணம். காற்று திசைமாறியதால் அவர்கள் தப்பினர். சில நாட்களில் கடற்படைக் கப்பல்கள் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன. அதே புகை டாஸ்மன் கடலைக் கடந்து நியூசிலாந்தின் பனியாறுகளின் மேல் பழுப்பாகப் படிந்தது.

மூக்கின் முடிகளும் சளிப்படலமும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். இரண்டரை மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டவை அக்காவல்களைக் கடந்து, இரத்தமும் காற்றும் சந்திக்கும் நுண்ணறைகள்வரை இறங்கிவிடுகின்றன. அங்கே காவலிருக்கும் விழுங்கு செல்கள் அவற்றை உண்டு அழிக்க முயல்கின்றன. அழிக்க முடியாதபோது அபாயக் குறியாகும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. நுரையீரலில் தொடங்கும் இந்த எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர். அது நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, குழாய்களின் உட்சுவர் இறுகுகிறது, இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் நரம்புகள் தடுமாறுகின்றன. புகை நாட்களில் ஆஸ்துமா நோயாளிகளோடு இதய நோயாளிகளும் மருத்துவமனைக்கு வரும் காரணம் இதுவே. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டுதலின்படி ஒரு நாளின் சராசரி பி.எம். 2.5 அளவு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. புகை மண்டிய நாட்களில் கிழக்கு ஆஸ்திரேலிய நகரங்களில் அது நூற்றுக்கணக்கில் ஏறியது.

இதன் உச்சத்தை அனுபவித்தது தலைநகர் கான்பெரா. மலைகள் சூழ்ந்த உள்நாட்டு நகரமான அதற்கு, 2019-இன் கடைசி மாலையில் கடற்கரைப் பக்கமிருந்து வீசிய கீழைக்காற்று பெருந்தீக்களின் புகையைக் கொண்டுவந்து சேர்த்தது. தெளிந்த இரவுகளில் தரை விரைவாகக் குளிர்ந்து, தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்ளும்; வெப்பநிலைத் தலைகீழ் நிலை எனப்படும் இதில், கீழே சிக்கிய புகை மேலெழ வழியின்றிப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடுகிறது. 2020 புத்தாண்டு நாளில் நகரின் காற்றுத் தரக் குறியீடு, ‘அபாயம்’ என்ற நிலை தொடங்கும் 200 என்ற எல்லையைப் போல இருபது மடங்குக்கும் மேல் ஏறியது. தேசியக் கலைக்கூடம் மூடப்பட்டது. அஞ்சல் பட்டுவாடா நிறுத்தப்பட்டது. மருத்துவமனைக்குள் புகுந்த புகையால் எம்.ஆர்.ஐ. கருவிகளின் வேலையே பாதிக்கப்பட்டது.

‘வீட்டுக்குள் இருங்கள், கதவு சன்னல்களை மூடி வையுங்கள்’ என்பதுதான் அந்நாட்களில் மக்களுக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரை. சில மணிநேரப் புகைக்கு அது பொருந்தும். வாரக்கணக்கில் நீளும் புகைக்கு அது போதாது, ஏனெனில் எந்த வீடும் காற்றுப் புகாத பெட்டியன்று. கதவிடுக்கு, தரைப்பலகை இடைவெளி, கழிப்பறைக் காற்றுப்போக்கி எனப் பல வழிகளில் வெளிக்காற்று கசிந்து வந்து, சில மணிநேரத்தில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. காற்று வீசிப் புகை விலகியதும் மூடிய வீட்டுக்குள் பழைய புகை தங்கிவிடும் என்பதால், அந்த இடைவேளையில் சன்னல்களை விரியத் திறந்துவிடுவதும் அறிவுரையின் மறுபாதியாக இருந்திருக்க வேண்டும்; அது உரக்கச் சொல்லப்படவில்லை. உள்நாட்டின் வறண்ட பகுதிகளில் பரவலாக உள்ள ஏர்கூலர்கள் வெளிக்காற்றை ஈரத் திண்டின் வழியே இழுத்து உள்ளே தள்ளும் வகையின. 40 டிகிரி வெயிலில் அவற்றை ஓட்டினால் புகை வீட்டுக்குள் வரும், நிறுத்தினால் முதியவர்கள் வெப்பத்தில் வாடுவார்கள். அறைக்காற்றையே சுழற்றும் ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஒரே புகை, வீட்டின் வசதிக்கேற்ப வேறு வேறு அளவில் நுரையீரலை அடைந்தது.

முகக்கவசத்திலும் இத்தகைய நுட்பங்கள் இருந்தன. துணியும் சாதாரண அறுவைக்கூடக் கவசமும் ஓரங்களில் காற்றைக் கசியவிடுவதால் நுண்புகைக்கு அதிகம் பயன்படுவதில்லை. ஆஸ்திரேலியாவில் பி2 என்றும் பிற நாடுகளில் என்95 என்றும் அழைக்கப்படுபவையே உதவும். இவை சல்லடைபோல் துளையளவால் வடிகட்டுவதில்லை. பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து செல்ல முடியாமல் நேரே இழைகளில் மோதி ஒட்டுகின்றன; மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் இங்குமங்கும் தள்ளப்பட்டுத் தடுமாறி இழைகளைத் தொட்டுவிடுகின்றன; இரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவினவே தப்பிச்செல்ல வல்லவை என்பதால், இழைகளில் மின்னூட்டம் ஏற்றி அவற்றையும் ஈர்க்கிறார்கள். ஆயினும் தாடியும் பொருந்தாத அளவும் இந்த நுட்பம் முழுவதையும் வீணாக்கிவிடும். குழந்தைகளின் முகத்துக்கு ஏற்றவையும் எளிதில் கிடைக்கவில்லை. தீயணைப்பு வீரர்களின் நிலை இன்னும் கடினமானது. கட்டடத் தீயில் முதுகில் சுமக்கும் காற்று உருளை அரை மணிநேரம் அளவுக்கே வரும். பன்னிரண்டு மணிநேரம் காட்டில் உழைப்பவருக்கு அதனால் பயனில்லை. ஓய்விலிருப்பவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார் என்றால், கடுமையாக உழைப்பவர் 50 லிட்டருக்கும் மேல் இழுக்கிறார். நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புப் பணியில் இருந்தோரில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். தீயணைப்புத் தொழில் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் உறுதியாக வகைப்படுத்தியதை இவர்களை நினைத்தே படிக்க வேண்டியிருக்கிறது.

புகையின் ஒரு பகுதி மனிதர் மூச்சுவிடும் உயரத்தைக் கடந்தும் சென்றது. பெருந்தீயின் வெப்பம் காற்றைத் தூணாக மேலே தள்ளும்போது அது குளிர்ந்து, தானே மின்னலும் இடியும் கொண்ட ஒரு மேகமாக வளர்கிறது. தீ இடிமேகம் எனப்படும் இதன் மின்னல்கள் புதிய தீக்களை மூட்டுகின்றன, மழையோ பெரும்பாலும் தரையை அடைவதில்லை. டிசம்பர் இறுதியிலும் ஜனவரி தொடக்கத்திலும் எழுந்த இத்தகைய மேகங்கள் பல லட்சம் டன் புகையை, வானிலை நிகழும் அடிவளிமண்டலத்தைத் துளைத்து, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலத்தில் செலுத்தின. கறுத்த துகள்கள் வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கியதால் புகை மேலும் மேலும் உயர்ந்து, அதில் ஒரு திரள் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அகலமுள்ள சுழலாகத் திரண்டு, 35 கிலோமீட்டர் உயரம் வரை ஏறி, தென்கோளத்தைச் சுற்றிவந்தது. எரிமலைகளால் மட்டுமே இயலும் என்று கருதப்பட்ட செயல் இது. குளோரினை வினைபுரியச் செய்யும் பரப்பாக அத்துகள்கள் அமைந்து, நடு அகலாங்குகளில் ஓசோனை 3 முதல் 5 சதவீதம் வரை குறைத்ததாக சூசன் சாலமனும் அவர் குழுவினரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கீழேயோ, புகையிலிருந்த இரும்புச்சத்து தென்பெருங்கடலில் விழுந்து, ஆஸ்திரேலியாவைவிடப் பெரிய பரப்பில் மிதவைப் பாசிகளைச் செழிக்கச் செய்தது.

இத்தகைய பெருந்தீக்களைக் குறைக்க, குளிர்ந்த மாதங்களில் சருகையும் அடிப்புதரையும் திட்டமிட்டு எரித்துவிடுவது ஒரு வழி. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறு தீயைச் சிறு பரப்பில், மெதுவாக நடந்து, மர உச்சியைத் தொடாத அளவில் மூட்டி நிலத்தைப் பேணி வந்தனர். வடக்கே மேற்கு ஆர்னெம் நிலத்தில் 2006 முதல் அவர்களே முன்னின்று நடத்தும் தொடக்க வறட்சிக் காலத் தீயிடல், பின்னர் வரும் கடுந்தீயையும் அதன் புகையையும் குறைத்திருக்கிறது. ஆனால் அங்கிருப்பது மக்கள் அடர்த்தி குறைந்த புல்வெளி. பெருநகரங்களை ஒட்டிய தென்கிழக்குக் காடுகளில் திட்டமிட்ட தீயும் புகையே கக்கும். 2016 மே மாதத்தில் சிட்னியைச் சூழ்ந்த அத்தகைய புகை சில நாட்களில் 14 அகால மரணங்களுக்குக் காரணமாகியிருக்கும் என்று கணக்கிடப்பட்டது. ஒரு பெரும்புகையைத் தவிர்க்கப் பல சிறுபுகைகளை ஏற்க வேண்டுமா, எந்த அளவுக்கு, யாருடைய நுரையீரலின் செலவில் என்ற கேள்விக்கு வனத்துறையினரால் மட்டும் விடைகாண முடியாது.

எந்த விடைக்கும் முதற்படி, புகை எப்போது எங்கே இருக்கிறது என்பது மக்களுக்குத் தெரிவதுதான். கறுப்புக் கோடையில் பல மாநிலங்களின் அறிவிப்புகள் கடந்த 24 மணிநேரச் சராசரியையே காட்டின. சன்னலுக்கு வெளியே எதிர்வீடு மறைந்துபோன வேளையில் ‘காற்று பரவாயில்லை’ என்றும், வானம் தெளிந்த பிறகு ‘அபாயம்’ என்றும் பலகை சொன்னது. மாநிலத்துக்கு மாநிலம் வகைப்பெயர்களும் எல்லைகளும் வேறுபட்டன. பழங்குடியினரின் தீ அறிவை நில மேலாண்மையில் சேர்க்கச் சொன்ன அதே அரச ஆணைய அறிக்கை, காற்றுத் தர அறிவிப்புகளை நாடு முழுவதும் ஒரே முறையில் வழங்கவும் பரிந்துரைத்தது. மணிக்கொரு முறை பி.எம். 2.5 அளவைத் தெரிவிக்கும் வழக்கம் அதன்பின் பரவியது. ஆஸ்துமா நோயாளி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, காலை நடையைப் பிற்பகலுக்குத் தள்ளிவைக்கலாம், மருந்துக் குழலைப் பையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், சன்னலைத் திறக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.